பல்லாவரத்துக் கல்லும் பொருந்தல் நெல்லும்

திண்டுக்கல்லில் இருந்து பழனி ரோட்டுல போறப்போ பாறையும் பொட்டலும்தான் கண்ணுக்குத் தெரியும். அதுல எது சும்மா கிடக்கிற கல்லு, எது மனுஷன் கை பட்ட கல்லுன்னு பார்க்க இந்த நாட்டுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு ஜியாலஜிஸ்ட். பேர் ராபர்ட் புரூஸ் ஃபுட்.

1834இல் இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் பிறந்தவர். 1858இல், 24 வயசுல, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். பாறைகளை ஆராய்ந்து வரைபடத்தில் குறிப்பதுதான் வேலை. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் அவர் கண்ணில் ஒரு கல் பட்டது. அது தானா உடைஞ்சது இல்ல, செதுக்கின கைக்கோடரி! இந்தியாவில் பழைய கற்காலம் இருந்ததை முதலில் காட்டியது அந்தக் கல்தான். அதே வருஷம் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்திலும் கருவிகளைக் கண்டெடுத்தார். அந்த இடத்தின் வயசு சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்த பீட்டர் பெர்சிவல்தான் இவரோட மாமனார். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் பற்றி இவர் எழுதிய அறிக்கை 1883இல் வந்தது. திண்டுக்கல் அப்போ மதுரை மாவட்டத்துல தான் இருந்துச்சு.

1891இல் ஓய்வு பெற்றும் சும்மா இருக்கல. பரோடா, மைசூர் சமஸ்தானங்களில் வேலை பார்த்தார். 1904இல் தன் சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றார். கல்லும் பானை ஓடும் எந்த ஊரில் கிடைத்தன என்று குறித்து வைத்திருந்ததுதான் அதன் மதிப்பு. 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார். அஸ்தி ஏற்காடு தேவாலயத்தில் இருக்கிறது. அவரது அட்டவணை நூல் 1914இல்தான் அச்சானது.

பழனி பக்கத்துப் பொருந்தலில் 2009இல் ஒரு ஈமக்குழியைத் தோண்டினப்போ, ஜாடியில் நெல் கிடைத்தது. அதன் காலம் சுமார் கி.மு. 490. கூடவே தமிழ் பிராமி எழுத்தும் இருந்தது. எழுத்துக்கு வயசு சொன்னது அந்த நெல்தான், ரெண்டும் ஒரே குழியில் கலையாமல் இருந்ததால்! அதுக்கு முன்னாடியே ஒரு ஜேசிபி அந்த மேட்டை நிரவியிருந்தா, வெறும் ஓட்டாஞ்சில்லுதான் மிஞ்சியிருக்கும்.

மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுசாகக் கட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. ஆனா பட்டியலில் ஏறாத கல்வட்டத்துக்கு அந்தச் சட்டம் கிடையாது. குவாரியும் ப்ளாட்டும் முதல்ல தின்னுறது அதைத்தான்.

உங்க ஊர்ல பாண்டவர் குழின்னு ஏதாவது சொல்வாங்களா? தோண்டாதீங்க. போட்டோ எடுங்க, லொகேஷன் குறிங்க, தொல்லியல் துறைக்கு எழுதிப் போடுங்க. இது நம்ம சிலபஸ்ல இல்லதான். கைக்கோடரியும் ஃபுட்டோட வேலையில் இல்லையே!