பெயரின் பொருள் உணர்த்திய வீரமாமுனிவர்



திருமுழுக்கு ஏட்டில் குழந்தையின் பெயரை எழுதுகையில், அதன் பொருள் என்னவென்று கேட்டால் பெற்றோர் பலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர். ஒலி இனிமையாய் இருந்தால் போதும் என்ற எண்ணம் நம்மிடையே பெருகி வருகிறது. விவிலியப் பெயர்களுக்குப் பொருள் உண்டு, அப்பொருளைத் தமிழிலேயே சொல்லவும் இயலும் என்று ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்பே காட்டியவர் வீரமாமுனிவர். அன்னாரின் வாழ்வை இவ்விழா மலரில் நினைவுகூர்வது தகும்.

இத்தாலி நாட்டின் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680 நவம்பர் 8 அன்று அவர் பிறந்தார். நாம் ஞானப்பிரகாசியார் என்று அழைக்கும் புனித அலோசியுஸ் கொன்சாகா பிறந்ததும் அவ்வூரே. பெற்றோர் இட்ட பெயர் கொன்ஸ்தான்சோ ஜுசெப்பே. 1698-இல் சேசு சபையில் சேர்ந்து, குருப்பட்டம் பெற்று, 1710-இல் கோவா வந்து, 1711-இல் தமிழகத்தில் மறைப்பணி தொடங்கினார்.

இங்கு வந்ததும் முதலில் மாறியது அவர் பெயரே. கொன்ஸ்தான்சோ என்பது நிலைகுலையாத உறுதியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. அப்பொருளைத் தழுவித் தைரியநாதர் என்று பெயர் கொண்டார். அதுவும் வடசொல்லாய் இருக்கவே, பின்னர் வீரமாமுனிவர் என்று வழங்கப்பெற்றார்.

அவருடைய மற்றொரு பெயராகிய ஜுசெப்பே, நம் சூசையப்பரின் பெயர். அப்புனிதரையே பாட்டுடைத் தலைவராகக் கொண்டு 1726-இல் தேம்பாவணியைப் பாடினார். மூன்று காண்டங்களும் 3,615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம் அது. சூசை என்பது போர்த்துக்கீசியர் வாய்வழி நமக்கு வந்த ஒலி. எபிரேய மூலத்திலோ அப்பெயருக்கு இறைவன் மேலும் தருவாராக என்று பொருள். நெடுநாள் பிள்ளையின்றி வருந்திய ராகேல், தன் முதல் மகனுக்கு இட்ட பெயர் அது. பெருக்கம் என்னும் அப்பொருளைக் கண்டு முனிவர் வளன் என்று பாடினார். யோவான் என்பதற்கு ஆண்டவர் அருள்கூர்ந்தார் என்று பொருள். ஆகவே திருமுழுக்கு யோவான் அக்காப்பியத்தில் கருணையன் ஆனார். அயல்நாட்டார் என்று எண்ணப்பட்ட புனிதர்கள் இவ்வாறு நம் வீட்டு மனிதர்களாயினர்.

எனினும் எல்லாப் பெயர்களையும் அவர் மொழிபெயர்த்துவிடவில்லை. கித்தேரி அம்மாளின் பெயரை நம் நாவுக்கு ஏற்ற ஒலியோடு நிறுத்தி அம்மானை பாடினார். ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் என்று அழைத்து, அங்கே தேவதாயை அடைக்கல மாதாவாக விளங்கச் செய்தார். 1732-இல் அவர் முடித்த சதுரகராதியின் நான்கு பகுதிகளுள் முதலாவது பெயர் அகராதியே.

பாரசீக மொழியும் அவருக்கு ஒரு பெயரைத் தந்தது. திருச்சியை ஆண்ட சந்தா சாகிபு, முனிவரின் துறவொழுக்கத்தை வியந்து இஸ்மத் சந்நியாசி என்று பட்டம் அளித்தாராம். இஸ்மத் என்பது அரபியிலிருந்து பாரசீகத்தில் புகுந்து தூய்மையைக் குறிக்கும் சொல். விவிலியத்திலும் இத்தகையதோர் நிகழ்ச்சி உண்டு. அதசா என்னும் யூதப் பெண் பாரசீக அரண்மனையில் எஸ்தர் என்று வழங்கப்பெற்றாள். அதசா எபிரேயத்தில் ஒரு நறுஞ்செடியின் பெயர். எஸ்தர் என்பது விண்மீனைக் குறிக்கும் பாரசீகச் சொல் என்று அறிஞர் பலர் கூறுவர். பெயர் மாறியும் அவள் தன் மக்களை மறக்கவில்லை. நம் முனிவரும் பெயரை மாற்றிக்கொண்டாரேயன்றித் தம் அழைத்தலை மாற்றிக்கொள்ளவில்லை.

1747-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அவர் இறைவனடி சேர்ந்தார். 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளிலிருந்து கடற்கரை செல்லும் நம் குடும்பங்கள் அச்சிலையருகே சற்று நின்று, பிள்ளைகளுக்கு அவர் வரலாற்றைச் சொல்லலாம்.

பெற்றோரே, பெயர் சூட்டுமுன் அதன் பொருளைக் கேட்டறியுங்கள். ஏற்கெனவே பெயர் பெற்ற பிள்ளைக்கு அதன் பொருளை இன்றே எடுத்துச் சொல்லுங்கள். வளனாகிய சூசையப்பர் நம் பங்குக் குடும்பங்களை வளமுறக் காப்பாராக!