இசைக்கடல் கண்ட ஆபிரகாம் பண்டிதர்

ஒரு தொழில் புரிவார் அத்தொழிலொன்றே அறிவார் என்பதும், இசை முதலிய நுண்கலைகள் அவற்றைக் குலவழியாகப் பயின்றார்க்கே உரியன என்பதும் நம் நாட்டிற் பலர் உள்ளத்தில் வேரூன்றிய எண்ணங்களாம். இவ்விரண்டும் பொருந்தாவென்று தம் வாழ்க்கையால் நிறுவியவர் நம் குலத்துதித்த ராவ்சாகிப் மு. ஆபிரகாம் பண்டிதர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பண்டிதர் 1859-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள், இன்று தென்காசி மாவட்டத்திலுள்ள சாம்பவர் வடகரையில், முத்துசாமி நாடார்க்கும் அன்னம்மாளுக்கும் மகனாகத் தோன்றினார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, ஆங்கே தமிழ் கற்பித்துவந்தார். சடையாண்டிப் பத்தர் என்பாரிடம் இசை பயிலத் தொடங்கியதும் அவ்வூரிலேயாம். பகலெல்லாம் பிறர் மக்கட்கு எழுத்தறிவித்தவர், எஞ்சிய பொழுதில் தாம் மாணவராயினார். பொருள் கருதியோ புகழ் கருதியோ அன்று. இசையின்பால் வைத்த காதலொன்றே அவரைச் செலுத்திற்று.

சுருளிமலையிற் கருணானந்த முனிவரை அடுத்துச் சித்த மருத்துவம் அறிந்தார். பின்னர் மனைவியார் ஞானவடிவு பொன்னம்மாளுடன் தஞ்சை சென்று இருவரும் ஆசிரியத் தொழில் புரிந்தனர். நாளடைவில் அத்தொழிலை விடுத்து மருத்துவத்தையே மேற்கொண்டார். அவர் செய்த கோரோசனை மாத்திரை நாடெங்கும் பரவிற்று. தஞ்சையின் புறத்தே பெருநிலம் வாங்கி மூலிகைகளும் பயிர்களும் வளர்த்தார். அது பண்டிதர் தோட்டமென வழங்கலாயிற்று. இவ்வாறு ஈட்டிய பெருஞ்செல்வத்தை அவர் எவ்வழிச் செலவிட்டனர் என்பதே நாம் உற்றுநோக்கத் தக்கது.

தென்னாட்டிசையோடு மேனாட்டிசையும் கற்ற பண்டிதர்க்கு ஓர் ஐயம் எழுந்தது. ஒரு தாயியில் அடங்கிய சுருதிகள் எத்தனை என்பதே அவ்வையம். 13-ஆம் நூற்றாண்டினரான சாரங்கதேவர் 22 என்றார். பண்டிதரோ, 1892-இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் துருவி ஆராய்ந்தார். குரலினின்று இளிக்கும், அவ்விளியைக் குரலாகக் கொண்டு அதன் இளிக்குமாகச் சென்றால், பன்னிரண்டு படியிற் சுரநிலைகள் வட்டமாய் நிறைவுறும் என்றும், அவை சம அளவின என்றும், அவற்றை இவ்விரண்டாகப் பகுக்கச் சுருதி 24 ஆகும் என்றும் துணிந்தார்.

தம் முடிபைத் தம் வீட்டளவில் வைத்துக்கொள்ள அவர் மனம் ஒருப்படவில்லை. 1912-ஆம் ஆண்டு தஞ்சைச் சங்கீத வித்தியா மகாசன சங்கத்தை நிறுவி, 1914-ஆம் ஆண்டிற்குள் ஆறு இசை மாநாடுகளைத் தம் பொருள்கொண்டு நடத்தினார். புகழ்பெற்ற வித்துவான்களை வருவித்து அவர்முன் தம் கொள்கையை வைத்து வாதம் கேட்டார். 1916-இல் பரோடாவில் நிகழ்ந்த அனைத்திந்திய இசை மாநாட்டிற்குச் சென்று, தம் குடும்ப மகளிரை வீணை வாசிக்கச் செய்து மெய்ப்பித்துக் காட்டினார். 1917-இல் 1,300 பக்கங்களுக்கு மேற்பட்ட கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலைத் தம் அச்சகத்திலேயே பதிப்பித்தார். 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் இவ்வுலகை நீத்தார். அந்நூலின் இரண்டாம் பகுதி 1946-இல் வெளிவந்தது.

அவர் கூறிய 24 சுருதிக் கணக்கை இசைவாணர் யாவரும் ஏற்றனரல்லர். எனினும் பண்டைத் தமிழிசையைப் பழந்தமிழ் நூல்களினின்றே ஆராய்தற்குப் பெருவழி வகுத்தவர் அவரென்பதில் ஐயமின்று.

மல்லாங்கிணற்றிலும் விருதுநகரிலும் சிவகாசியிலும் வாழும் நம்மவர் வாணிகத்திலும், அச்சு, தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களிலும் கைதேர்ந்தோர். ஆர்மோனியத்தின்முன் ஆவலோடு அமரும் சிறுவனை நோக்கி, பாட்டுச் சோறிடுமோ என வினவும் பெற்றோரையும் யாம் நாடோறும் காண்கின்றோம். பண்டிதர்க்கு இசை சோறிடவில்லை. அவரே இசைக்குச் சோறிட்டார். தொழிலைக் கைவிடாமலே கலையை வளர்த்தல் கூடுமென்பதற்கு அவரினும் சான்று வேண்டுமோ?

மகமைப் பொருளால் 1889-லேயே விருதுநகரிற் கல்விச்சாலை கண்ட சமூகம் நம்முடையது. நம் பள்ளிதோறும் இசையாசிரியர் ஒருவரை அமர்த்துவதும், நம் நூலகந்தோறும் கருணாமிர்த சாகரப் படியொன்று வைப்பதும் நமக்கு அரியனவல்ல. கடைமூடி வீடு திரும்பும் இளைஞன் ஒருவன் நாளும் ஒரு நாழிகை யாழோ குழலோ பயில்வானாயின், பண்டிதர்க்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாம்.