திண்ணைத் தோழரும் பால் கிண்ணமும்

மார்க்கக் கல்வி நாடிவந்த மாணவர் ஒருவர், தம் பசியை அடக்கிக்கொண்டு வீடற்றோர்க்குப் பரிமாறிய வரலாறு நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அவர்களுடையது.

யமன் நாட்டுத் தவ்ஸ் குலத்தவரான அவர், கைபர் போர் நிகழ்ந்த ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில் (கி.பி. 628) மதீனா வந்தடைந்தார். வீடும் உறவும் அற்ற ஏழைகள் தங்குவதற்கென மஸ்ஜிதுந் நபவியில் 'சுஃப்ஃபா' எனும் திண்ணை இருந்தது. அதுவே அவருக்கு இல்லம், அதுவே கல்விக்கூடம். பசி தாளாது வயிற்றில் கல்லைக் கட்டிய நாட்களும் உண்டு.

அத்தகைய ஒரு நாளில் வழியோரம் அமர்ந்திருந்தார். முகக்குறிப்பறிந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரை இல்லத்திற்கு அழைத்துச் சென்றார்கள். அங்கு அன்பளிப்பாக வந்த பால் ஒரு கிண்ணம் இருந்தது. திண்ணைத் தோழர் அனைவரையும் அழைத்து வருமாறு அண்ணலார் பணித்தார்கள். இச்சிறு பால் அத்தனை பேருக்கு எவ்வாறு போதும், பரிமாறும் தமக்கு என்ன மிஞ்சும் என்று அவர் உள்ளம் கலங்கியது. எனினும் பணிந்தார். ஒவ்வொருவராக அனைவரும் வயிறாரப் பருகினர். இறுதியில் அவரும் இனி இடமில்லை என்னுமளவு பருகினார். எஞ்சியதை அண்ணலார் அருந்தினார்கள்.

பின்னாளில் பஹ்ரைனின் ஆளுநராகவும் விளங்கிய அப்பெருந்தகை, 5,374 நபிமொழிகளை அறிவித்தவராகப் போற்றப்படுகிறார். அன்றைய தம் மனக் கலக்கத்தையும் மறையாது அவரே உரைத்துச் சென்றார்.

மாணவச் செல்வங்களே! தமக்கு நிறைந்த பின்னரே பிறர்க்கு ஈவோம் எனக் காத்திருப்போர்க்கு அக்கிண்ணம் ஒரு பாடம்.