பியானோ கடை வைத்த வாத்தியார்

பியானோ கற்றுக்கொள்ளும் அக்காவோ, அண்ணனோ உங்கள் தெருவில் இருந்தால், அவர்களுடைய இசைப் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். முஸியோ கிளமெண்டி என்ற பெயர் பெரும்பாலும் அதில் இருக்கும். யார் இவர் தெரியுமா?

இத்தாலியின் ரோம் நகரில் 1752-ல் பிறந்தவர். அப்பா வெள்ளிப் பொருட்கள் செய்பவர். பையனுக்கு 13 வயதிலேயே தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலை கிடைத்துவிட்டது. அவன் திறமையைக் கண்டு வியந்த பீட்டர் பெக்போர்டு என்ற பணக்கார ஆங்கிலேயர், அப்பாவிடம் பணம் தர ஒப்புக்கொண்டு, அவனை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். அம்மா, அப்பாவை விட்டு, வேற்று நாட்டில், ஒரு கிராமத்து மாளிகையில் ஏழு ஆண்டுகள்! அங்கே அவன் செய்ததெல்லாம் பயிற்சி, பயிற்சி, மேலும் பயிற்சி.

அப்போது பியானோ புதுக் கருவி. அதற்கு முன் பிரபலமாக இருந்தது ஹார்ப்சிகார்டு. அதன் கட்டையை அழுத்தினால், வீணைத் தந்தியை விரல் மீட்டுவதுபோல, ஒரு சிறு முள் தந்தியைச் சுண்டும். எப்படி அழுத்தினாலும் ஒலி ஏறக்குறைய ஒரே அளவுதான். பியானோவிலோ தந்தியைத் தட்டுவது குட்டிச் சுத்தியல். மெல்லத் தொட்டால் மெல்லிய ஒலி; ஓங்கி அழுத்தினால் பெரிய ஒலி.

1781 டிசம்பர் 24 அன்று, வியன்னாவில் பேரரசர் இரண்டாம் ஜோசப் முன்னிலையில் கிளமெண்டிக்கு ஒரு போட்டி. எதிரே வாசித்தவர் யார்? மாமேதை மொசார்ட்! இருவரும் சமம் என்று முடிவானது. ஆனால், மொசார்ட் தன் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், கிளமெண்டி வெறும் இயந்திரம் என்று இகழ்ந்தார். அவருடைய இசையை அதிகம் பழகினால் கை கெட்டுவிடும் என்று தன் அக்காவையும் எச்சரித்தார். கிளமெண்டியோ மொசார்ட்டின் வாசிப்பைப் புகழ்ந்தார். தன் வாசிப்பையும் பாடுவதுபோல் இனிமையாக மாற்றிக்கொண்டார். இந்த இடத்தில் எனக்கு மொசார்ட்டைவிட இவரைத்தான் பிடிக்கிறது!

லண்டனில் புகழ்பெற்ற இசை ஆசிரியரானார். 1798-ல் நொடித்துப்போன ஓர் இசைக் கம்பெனியைப் பங்குதாரர்களோடு சேர்ந்து எடுத்து நடத்தினார். பியானோ செய்தார், இசைப் புத்தகங்கள் அச்சிட்டார். கடைக்கு வருபவர்களிடம் பியானோவை வாசித்துக் காட்டியது அவருடைய சீடர் ஜான் பீல்டு. 1802-ல் ரஷ்யா வரை அவரைக் கூட்டிப் போனார். சீடனிடம் கொஞ்சம் அதிகமாகவே வேலை வாங்கினார் என்றும் சொல்வார்கள்.

1807-ல் வியன்னாவில் பீத்தோவனையே பார்த்து, அவர் இசையை இங்கிலாந்தில் வெளியிட ஒப்பந்தம் போட்டார். அதே ஆண்டு லண்டனில் அவருடைய தொழிற்கூடம் தீப்பிடித்தது. நஷ்டம் சுமார் 40,000 பவுண்டு. அந்தக் காலத்தில் அது மலைபோன்ற தொகை! ஆனாலும் கம்பெனி மூடவில்லை. மீண்டும் பியானோக்கள் விற்பனைக்கு வந்தன.

வயதானபின் 100 பயிற்சிப் பாடங்களை மூன்று பாகங்களாக வெளியிட்டார். கடைசிப் பாகம் 1826-ல் வந்தபோது அவருக்கு வயது 74.

1832 மார்ச் 10-ல், 80-ஆவது வயதில் கிளமெண்டி காலமானார். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். அன்று அவருடைய சீடர்களும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், கடையில் பியானோ வாசித்துக் காட்டிய அதே ஜான் பீல்டு.