முனிசீப் வேதநாயகம் பிள்ளை

தமிழில் இன்று புதினங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுக்கெல்லாம் மூத்ததாகிய முதற் புதினத்தை இயற்றியவர், நாள்தோறும் வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பு வழங்கி வந்த ஒரு முனிசீப் ஆவார். அவரே மாயூரம் வேதநாயகம் பிள்ளை. நீதிமன்றத்தில் காத்த நடுநிலையை அப்பெரியார் இல்லறத்திலும் சமயத்திலும் எழுத்திலும் கைவிட்டாரில்லை.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். அவருடைய குடும்பம் கத்தோலிக்கக் கிறித்தவ நெறியைப் பின்பற்றியது. தமிழையும் ஆங்கிலத்தையும் ஒருங்கே பயின்ற அவர், 1848இல் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராக அமர்ந்தார். பின்னர் மொழிபெயர்ப்பாளராகி, 1857இல் தரங்கம்பாடியின் முனிசீப்பாக உயர்ந்தார். சீர்காழியிலும் மாயூரத்திலும் அப்பதவியை வகித்தார். மாயூரத்தில் நெடுங்காலம் பணியாற்றியமையால் அவ்வூர்ப் பெயர் அவர் பெயரோடு இணைந்தது. அவ்வூரே இன்று மயிலாடுதுறை என வழங்குகிறது.

அக்காலத்தில் உயர் மன்றங்களின் தீர்ப்புகள் ஆங்கிலத்திலேயே இருந்தன. நிலத்தை இழந்த உழவனும், பங்கு கேட்டு வந்த கைம்பெண்ணும் தம் வழக்கு ஏன் வென்றது, ஏன் தோற்றது என்பதை அறியாமல் மன்ற வாயிலில் திகைத்து நின்றனர். தனக்கு விளங்காத மொழியில் வழங்கப்படும் நீதி, ஏழைக்கு நீதியாகத் தோன்றுமோ? இக்குறையை உணர்ந்த வேதநாயகர், 1805 முதல் 1861 வரையில் வெளிவந்த தீர்ப்புகளைத் தமிழாக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரால் 1862இல் வெளியிட்டார். வழக்குரைஞர் தமிழிலேயே வாதிடல் வேண்டும் என்பதையும் அவர் வற்புறுத்தினார்.

அவர் 1859இல் இயற்றிய 'நீதிநூல்' கைக்கூலி வாங்குவோரைக் கடுமையாகக் கண்டிக்கிறது. அரசு அலுவலில் இருந்துகொண்டே அவ்வலுவலில் படிந்த மாசினைச் சுட்டிக் காட்டுதற்கு நெஞ்சுரம் வேண்டும். தம் கை தூயதாகவும் இருத்தல் வேண்டும். அவ்விரண்டும் அவர்பால் இருந்தன.

பெண்களுக்குக் கல்வி வேண்டா என்று கற்றோரும் கருதிய காலம் அது. அவரோ 1869இல் 'பெண்மதி மாலை'யை இயற்றிப் பெண்கல்விக்காக வாதிட்டார். 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்னும் அவரது முதற் புதினத்தில், தலைவியாகிய ஞானாம்பாள் ஆணுடை தரித்து ஒரு நாட்டையே திறம்பட ஆள்கிறாள். பாட்டே இலக்கியம் எனப் பலர் எண்ணியிருந்த நாளில், எல்லாரும் படித்து மகிழ உரைநடையில் கதை சொன்னார் அவர். 1887இல் 'சுகுண சுந்தரி' என்னும் மற்றொரு புதினமும் வந்தது. அவருடைய இல்வாழ்விலோ துயர் மிகுதி. மனைவியை இழந்து, மறுமணம் புரிந்து, மீண்டும் இழக்கும் கொடுமை அவருக்கு நேர்ந்தது. அத்தகையவர் எழுதிய கதையில் நகைச்சுவை ததும்புவதை எண்ணும்போது நம் உள்ளம் நெகிழ்கிறது.

தம் சமயத்தில் ஆழ்ந்த பற்றுடைய அவர், 'தேவமாதா அந்தாதி' முதலிய பக்தி நூல்களைப் பாடினார். ஆயினும் அப்பற்று பிற சமயத்தாரிடம் வெறுப்பாக மாறவில்லை. எச்சமயத்தாரும் பாடத்தக்க 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'களை அவர் இயற்றினார். சைவப் பெரும்புலவராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய உற்ற நண்பர். கிறித்தவ நண்பரைப் பாட்டுடைத் தலைவராக்கி அச்சைவர் 'குளத்துக்கோவை' பாடினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும் அவரைப் பெரிதும் மதித்தார்.

1872இல் பதவியிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருக்குக் கடுஞ்சோதனை ஒன்று வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் மக்கள் சோறின்றி மடிந்தனர். அவர் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டி அமைத்துப் பசித்தோர்க்கு உணவளித்தார். பசித்து வந்தவரிடம் குலமோ சமயமோ கேட்டாரில்லை. அக்கொடையைக் கண்டு உருகிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார்.

1889ஆம் ஆண்டு சூலை 21ஆம் நாள் வேதநாயகர் மறைந்தார். அவர் தீர்த்த வழக்குகள் இன்று யார் நினைவிலும் இல்லை; அவருடைய கீர்த்தனைகளோ இசையரங்குகளில் இன்றும் ஒலிக்கின்றன. தம் சமயத்தில் உறுதியாக நின்றே பிற சமயத்தாரை நேசிக்க இயலும். பதவியில் இருந்தே ஏழைக்காகப் பேச இயலும். தம் துயரை உள்ளடக்கிப் பிறரை மகிழ்விக்க இயலும். அவர் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.