ஐயம் தெளிந்த தோமையார்

சென்னை மாநகரில் மயிலாப்பூரைச் சார்ந்த கடற்கரைப் பகுதி சாந்தோம் எனப்படும். அப்பெயர் தோமையார் என்னும் அருளாளரின் பெயரால் அமைந்தது. அவர் இயேசு பெருமானின் பன்னிரு மாணவருள் ஒருவர். அரமேய மொழியில் அவர் பெயருக்கு இரட்டைப் பிள்ளை என்பது பொருள். ஐயுற்றவர் என்றே உலகம் அவரைச் சுட்டும். ஆயினும், அவர் வரலாற்றை முழுதும் நோக்குவார்க்கு அவ்வையமே அவருடைய உறுதிக்கு வித்தாயிற்று என்பது புலனாகும்.

தோமையார் அஞ்சா நெஞ்சினர். யூதேயாவில் இயேசுவைக் கல்லாலெறிந்து கொல்லப் பகைவர் முயன்றிருந்தனர். அவ்விடத்திற்கு அவர் மீண்டும் செல்லக் கருதியபோது மாணவர் தயங்கினர். தோமையாரோ, உடன்சென்று அவரோடு இறப்பதே தக்கது என்று தம் தோழரை ஊக்கினார். பின்னர் இயேசு சிலுவையில் அறையுண்டு இறந்தார். அவர் உயிர்த்தெழுந்து தங்களுக்குக் காட்சி அளித்ததாகத் தோழர் கூறினர். அவ்வேளையில் உடனிராத தோமையார், ஆணித் தழும்பைக் கண்டு தொட்டாலன்றி அதனை நம்புதற்கில்லை என மறுத்தார். எட்டு நாள் கழித்து இயேசு அவர்முன் தோன்றித் தம் காயங்களைத் தொட்டறியுமாறு பணித்தார் என யோவான் நற்செய்தி கூறுகின்றது. அக்கணமே ஐயம் தெளிந்த தோமையார் அவரை இறைவனாக ஏற்றார்.

சிரிய மொழியில் கி.பி. 3ஆம் நூற்றாண்டளவில் எழுந்த தோமையார் பணிகள் என்னும் நூல், அவர் இந்தியாவிற்கு வந்த செய்தியைக் கூறும். தச்சுத் தொழில் வல்லராகிய அவரிடம் கோண்டபோரஸ் என்னும் மன்னன், அரண்மனை ஒன்று எழுப்புமாறு பெரும்பொருள் அளித்தான். அவர் அதனை வறியவர்க்கும் நோயாளர்க்கும் வழங்கிவிட்டார். மன்னன் வந்து வினவியபோது, அரண்மனை விண்ணுலகில் எழும்பியிருப்பதாக விடையிறுத்தார். வெகுண்ட மன்னன் அவரைச் சிறையிலிட்டான். இறந்து மீண்ட அவன் தம்பி, விண்ணுலகில் அவ்வரண்மனையைக் கண்டதாகக் கூறவே, மன்னன் மனம் மாறினான் என்பது கதை. அம்மன்னன் பெயர் நெடுங்காலம் கதையளவிலேயே நின்றது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் அவன் நாணயங்கள் கிடைத்தபின், அவன் வரலாற்று வேந்தனே என்பது உறுதியாயிற்று.

தோமையார் கி.பி. 52இல் கொடுங்கல்லூர்க் கரையில் இறங்கினார் என்பது கேரளக் கிறித்தவர்தம் மரபு. பின்பு அவர் சோழமண்டலக் கரைக்கு வந்து, சின்னமலைக் குகையில் தங்கி அறவுரை வழங்கினார் என்பர். அக்காலத்தே மேலைநாட்டினர் இக்கரைக்கு வருதல் இயலுமோ என ஐயுறுவார்க்குப் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு விடை கூறுகின்றது. அங்கு 1945ஆம் ஆண்டு அகழ்ந்தபோது இத்தாலி நாட்டு மட்கலங்களும் மதுச்சாடிகளும் வெளிப்பட்டன.

கி.பி. 72இல் பரங்கிமலையில் தோமையார் வேலாற் குத்துண்டு உயிர் துறந்தார் என்றும், அவர் உடல் மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டது என்றும் மரபு கூறும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, கிறித்தவரும் இசுலாமியரும் அக்கல்லறையைப் போற்றியதைக் குறித்துள்ளார். 1547இல் போர்த்துக்கீசியர் பரங்கிமலையில் அகழ்ந்தபோது, பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை ஒன்று கிடைத்தது. அது தோமையாருக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டதாயினும், போர்த்துக்கீசியர் வருகைக்கு முன்பே இங்குக் கிறித்தவர் வாழ்ந்தமைக்குச் சான்றாகும். சிலுவையைக் குருசு எனவும் வழங்குவர். புதுச்சேரிக் கடலோரக் குருசுக்குப்பத்தின் பெயரில் இன்றும் அச்சொல்லைக் காணலாம்.

கோட்டயத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மலங்கரை ஆர்த்தடாக்ஸ் திருச்சபையார் தோமையாரைத் தம் முதல்வராகப் போற்றுகின்றனர். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையார் அக்டோபர் 6ஆம் நாள் அவர் திருநாளைக் கொண்டாடுகின்றனர்.

மரபு வேறு, வரலாற்றுச் சான்று வேறு எனப் பகுத்தறிந்து இவ்வரலாற்றை ஆராய்வாரைத் தோமையார் வெறுக்கமாட்டார். அவரும் சான்று வேண்டியவரே அன்றோ! ஐயுறுதல் இழுக்கன்று. ஐயத்திலேயே தங்கிவிடுதலும், தெளிந்தபின் அஞ்சிப் பின்வாங்குதலுமே இழுக்காம். தாம் தெளிந்த உண்மைக்காக நெடுந்தொலைவு கடந்து உயிரையும் ஈந்த தோமையாரின் வாழ்வு உணர்த்தும் பாடம் இதுவே.