பாட்டை அச்சில் ஏற்றிய பெரியவர்
எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் கதை

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமங்களில் தெருக்கூத்து என்றால் விடிய விடிய நடக்கும். கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களிலும் அப்படித்தான். அர்ச்சுனன் வேடக்காரர் நூற்றுக்கணக்கான பாட்டுகளைப் பாடுவார். கையில் காகிதம் இராது. வாத்தியார் பாடினார், சீடர் கேட்டார், மனதில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். சீடர் இல்லாமல் வாத்தியார் கண்ணை மூடினால், பாட்டும் அவரோடு போய்விடும்.

கச்சேரி சங்கீதத்துக்கும் ஒரு காலத்தில் இந்தக் கதிதான். அதை மாற்றப் பாடுபட்டவர்களில் தலையானவர் சுப்பராம தீட்சிதர்.

பேரனே பிள்ளை ஆனான்

1839-ல் பிறந்தவர் இவர். பெற்றோர் வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். தாயாரின் தகப்பனார் பாலுசாமி தீட்சிதர். இவர் பெரிய வித்துவான். வெள்ளைக்காரரின் பிடிலை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர் என்று பெயர் பெற்றவர். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதருக்கு உடன்பிறந்த தம்பி.

பாலுசாமிக்கு ஆண் பிள்ளை இல்லை. ஆகவே மகள் வயிற்றுப் பேரனையே சுவீகாரம் எடுத்துக்கொண்டார். சிறுவன் எட்டயபுரம் போய்ச் சேர்ந்தான். ஆம், பின்னாளில் பாரதியார் பிறந்த அதே எட்டயபுரம்தான்.

பையன் பதின்வயதிலேயே ஒரு வர்ணம் இயற்றினானாம். அரசருக்கு நம்பிக்கை வரவில்லை. தாத்தா செய்து கொடுத்ததோ என்று சந்தேகப்பட்டு, வேறொன்று செய்துகாட்டச் சொன்னாராம். பையன் சளைக்கவில்லை. செய்து பாடிக் காட்டினான். பிறகு அரண்மனை வித்துவான் பதவி தானாகத் தேடி வந்தது.

சென்னையிலிருந்து வந்த விருந்தாளி

அப்போது சென்னையில் சின்னசாமி முதலியார் என்று ஒருவர் இருந்தார். எம்.ஏ. படித்தவர். சர்க்கார் உத்தியோகஸ்தர். கிறிஸ்தவர். ஆனாலும் தியாகராஜர் கீர்த்தனை என்றால் உயிர். ஐரோப்பாவில் பெரிய இசை நாடகங்களைக்கூட ஐந்து கோடு போட்டு, அதன்மேல் புள்ளி வைத்து எழுதி அச்சடிக்கிறார்கள். பாட்டைக் கேட்டிராதவரும் அதைப் பார்த்து வாசித்துவிடுவார். நம் பாட்டுகளையும் அப்படி அச்சிட வேண்டும் என்று முதலியார் முனைந்தார். 1890-களில் தம் கைப்பொருளைச் செலவிட்டுப் புத்தகங்கள் வெளியிட்டார். அதற்காகத் தீட்சிதரிடமும் பாட்டுகள் கேட்டு எழுதிக்கொண்டார்.

ஆனால் முதலியாரின் கண்பார்வை மங்கிவந்தது. 1899-ல் எட்டயபுரத்தில் ஜகத்வீர ராம வெங்கடேசுவர எட்டப்பருக்குப் பட்டாபிஷேகம். முதலியாரும் அங்கே வந்தார். தம்மால் முடியாமற்போன வேலையைத் தீட்சிதர் செய்ய வேண்டும், சமஸ்தானம் அச்சிட்டுத் தர வேண்டும் என்று ராஜாவிடம் வேண்டினார்.

தீட்சிதர் தயங்கினார். தயங்கியதில் தவறென்ன? அது குடும்பச் சொத்து. மூன்று தலைமுறையாகப் பொத்திப் பொத்திக் காத்தது. காசு கொடுத்து வாங்குகிறவன் பாட்டைச் சிதைத்துவிட்டால்? ராஜா வற்புறுத்தினார். அறுபது வயதுக் கிழவர் கடைசியில் இணங்கினார்.

எழுத்துக்கு மேல் நெளிகோடு

கோடும் புள்ளியும் அவருக்கு ஒத்துவரவில்லை. ச, ரி, க, ம என்று தெலுங்கு எழுத்தில் சுரங்களை எழுதினார். பாட்டுகளில் பெரும்பாலானவை தெலுங்கும் சமஸ்கிருதமும். வித்துவான்களுக்கும் அந்த எழுத்து பழக்கம்.

ஆனால் சுரத்தை மட்டும் எழுதினால் பாட்டு ஆகாது. நம் சங்கீதத்தின் உயிர் கமகம். ஒரு சுரத்தை அசைக்க வேண்டும். இன்னொன்றிலிருந்து வழுக்கி ஏற வேண்டும். இதற்கெல்லாம் அவர் அடையாளங்கள் வகுத்தார். அசைவுக்கு நெளிகோடு. ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் எதிரெதிராய்ச் சாய்ந்த கோடுகள். மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் மேலே புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி.

சாதாரண அச்சுக்கூடத்துப் பெட்டியில் இந்த அடையாளங்கள் ஏது? ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிய காலம் அது. எழுத்து தலைகீழாய்த் தெரியும். ஒரு நெளிகோடு ஓர் எழுத்து தள்ளி விழுந்தால், அசைய வேண்டிய சுரம் சும்மா நிற்கும். நிற்க வேண்டியது அசையும். இன்று கணினியில் அடிக்கிறவர்கள்கூட இந்த அடையாளங்களைச் சரியான இடத்தில் நிறுத்தத் திண்டாடுகிறார்கள்!

எட்டயபுரம் வித்யாவிலாசினி அச்சுக்கூடத்தில் 1904-ல் நூல் முடிந்தது. பெயர் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி. சுமார் 1,700 பக்கம். முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் மட்டும் இருநூறுக்கு மேல். எழுபதுக்கு மேற்பட்ட சங்கீதப் பெரியோரின் வரலாறும் உண்டு.

அதோடு கிழவர் ஓயவில்லை. புதிதாய்ப் படிப்பவர்களுக்கென்று 1905-ல் ஒரு பாட புத்தகம் போட்டார். மறு வருஷம் காலமானார்.

மகன் அம்பி தீட்சிதர் பிற்பாடு சென்னையில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் கற்றவர்களில் ஒருவர் டி.கே.பட்டம்மாள். பெரிய நூலைத் தமிழ் எழுத்தில் கொண்டுவரும் வேலையை 1961-ல் சென்னை மியூசிக் அகாடமி தொடங்கியது. ஐந்து பாகங்கள் ஆயின. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் அதன் பிறகுதான் அந்த நெளிகோடுகளைப் பார்த்துப் பாடத் தொடங்கினார்கள்.